ஒரு கையெழுத்துதான் கேட்டார்கள்

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி. எங்கள் தீவின் சாத்தம் ஜெட்டியில் ஃபெரிப் படகை எதிர்பார்த்து நிற்கிறேன். மரமில்லில் இருந்து ஈரத் தூள் வாசனை. சட்டைப் பையில் நீல மை பேனா. மனதில் ஒரு குற்றம்... இன்னும் செய்யாத குற்றம்.

இன்னொருவர் பெயரில் கையெழுத்துப் போடப் போகிறேன். அதுவும் ‘கணவர்’ என்ற இடத்தில்.

பதறாதீர்கள். சொல்கிறேன்.

இதே ஊரில், டாலிகஞ்சில் என் வாடகை வீட்டுக்கு நாலு கடை தள்ளி ஒரு தையல் கடை. அங்கே தைப்பவள் ஜெசிந்தா. பெயரை மாற்றிவிட்டேன், இந்த ஊரில் பெயரை மாற்றி என்ன பயன் என்பது வேறு விஷயம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். வீடு அக்கரையில், பாம்பூஃப்ளாட். தினமும் ஃபெரியில் வந்து போகிறவள். இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. கணவர் ஒயரிங் வேலைக்காரர், காண்ட்ராக்ட்டில் கேம்ப்பெல் பே என்ற தூரத் தீவு ஊருக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து கப்பலில் இரண்டு நாள். கப்பல் கிளம்பினால்.

எனக்கும் அவளுக்கும் வாரத்துக்கு மூன்று வாக்கியப் பழக்கம். “மடிச்சுத் தைக்கணுமாண்ணே?” “ஆமாம்மா.” “சனிக்கிழம வாங்க.” தனியாக வாழ்கிறவனுக்கு அதுவே பெரிய உரையாடல்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின சனிக்கிழமை பேண்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு, காசை வாங்காமல் நின்றாள்.

“அண்ணே, ஒரு உதவி. தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க எழுதுத ஆளுதானே...”

எனக்குப் புரிந்துவிட்டது. எழுதுகிறவன் என்று தெரிந்தால் இங்கே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்.

“மனு எழுதணுமா?”

“மனு இல்ல. ஒரு கையெழுத்து. எங்க வீட்டுக்காரவுக போடுத மாதிரி.”

மூன்றாவது தங்கிவிட்டது. கவனமாக இருந்தும். இரண்டாவது பிரசவம் ஆபரேஷன். உடனே அடுத்தது வேண்டாம் என்று அன்றைக்கே டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கணவனும் மனைவியும் போனில் பேசி, அழுது, முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி சொல்லியிருக்கிறாள் — புருஷன் கையெழுத்து இல்லாமல் ஆஸ்பத்திரியில் தொடவே மாட்டார்கள் என்று.

அதனால் என்ன செய்தாள்? தீவுக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான். கப்பலுக்குக் காத்திருந்தாள்.

இங்கே வெங்காயம் கப்பலுக்குக் காத்திருக்கும். கல்யாணம் காத்திருக்கும். பரீட்சை பேப்பர் காத்திருக்கும். சண்டைகூட, ‘கப்பல் வரட்டும், பேசிக்கிறேன்’ என்று பாதியில் நிற்கும். முதல் கப்பல் கடல் சரியில்லை என்று ரத்து. இரண்டாவதில் டிக்கெட் இல்லை. பதினேழு நாள் போய்விட்டது.

வயிறு மட்டும் கப்பலுக்குக் காத்திருக்காது.

“ரொம்ப நாள் தள்ளிட்டுன்னா மாத்திரைல ஆகாதாம்ணே. மெஷின் வைக்கணுமாம். இன்னொருத்தி, மாத்திரை நானே வாங்கித் தாரேன், வீட்டுலயே போட்டுக்கோன்னு சொல்லுதா. பயமாருக்கு. ரத்தம் நிக்கலன்னா சின்னவனத் தூக்கிட்டு நான் எங்கண்ணே ஓட? இது ஏழாவது வாரம்.”

போனை நீட்டினாள். ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் கணவர் போட்ட கையெழுத்தின் படம். கூடவே அவர் பேசி அனுப்பிய குரல்: “அண்ணே, வணக்கம்ணே. என் கையெழுத்து கோணலா இருக்கும். நீங்க படிச்சவுக, அழகாப் போட்டுறாதிய. மாட்டிக்குவிய.”

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு அவள் மட்டும் நிறுத்தினாள்.

“உங்ககிட்ட கேக்கவே பயந்தேன்ணே. நீங்க அந்த மொட்டுக் கட்டுரை எழுதின ஆளு.”

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பல வருஷங்களுக்கு முன் இதே இடத்தில், பிறக்காமல் போன எங்கள் குழந்தையைப் பற்றி எழுதினேன். மலராத மொட்டு, பாடாத தாலாட்டு, காலியான தொட்டில்... ஒரு உவமையையும் நான் விடவில்லை. கடிதங்கள் குவிந்தன. பாவம் என்றார்கள் சிலர். உரிமை என்றார்கள் சிலர். என் பத்தியை நடுவில் போட்டு ஆறு வாரம் சண்டை நடந்தது. எல்லோரும் உறுதியாகப் பேசினார்கள். என்னையும் சேர்த்து.

“படிச்சியாம்மா?”

“மறக்காம வெட்டி வச்சிருக்கேன்.” மேலே ஆணியில் தொங்கிய காகிதக் கொத்தைக் காட்டினாள். ப்ளவுஸ் கைக்கு அளவு வெட்டிய செய்தித்தாள்கள். அதில் ஒன்றில் என் தலைப்பு பாதி, என் போட்டோவில் நெற்றி மட்டும். “நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு... அதுல ஒங்க வீட்டு அக்கா ஒரு வார்த்தகூடப் பேசலையேண்ணே?”

அந்த ஆறு வாரக் கடிதங்களில் யாரும் கேட்காத கேள்வி.

வீட்டுக்கு வந்து அந்தக் கோணல் கையெழுத்தை இருபது தடவை எழுதிப் பழகினேன். இருபதாவதுதான் தேறியது. கவிதைக்குக்கூட நான் இவ்வளவு திருத்தியதில்லை.

ஆக, செவ்வாய்க்கிழமை. ஃபெரி வந்தது, ஜெசிந்தா இறங்கினாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். சீட்டு, வரிசை, ரத்தம், ஸ்கேன். கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டுமாம். கருக்குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை வேலை செய்யாது. உள்ளே வெடித்து உயிருக்கே ஆபத்து. ‘நானே வாங்கித் தாரேன்’ என்று சொன்னவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்திருக்கும்?

கடைசியில் படிவம் வந்தது. நான் பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன்.

மேஜைக்குப் பின்னால் ஒரு சிஸ்டர். மலையாளி. ஆனால் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் பொதுவான மொழி ஹிந்திதான். என் நரைத்த தாடியைப் பார்த்தார். ஜெசிந்தாவைப் பார்த்தார்.

“ஆப் கோன்?” — நீங்க யாரு?

“நான்... பதி...” கணவன் என்று சொல்ல எனக்கு எப்போதுமே சரியாக வந்ததில்லை.

“சைன் போட வந்திருக்காவ,” என்று ஜெசிந்தா முந்திக்கொண்டாள்.

“பதி கா சைன்? கிஸ்னே போலா?” புருஷன் கையெழுத்து வேணும்னு யார் சொன்னது? படிவத்தை என் பக்கத்திலிருந்து இழுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். “தும்ஹாரா சைன். பஸ்.”

உன் கையெழுத்து. அவ்வளவுதான்.

பதினெட்டு வயது முடிந்த பெண் என்றால் அவள் சம்மதம் மட்டும் போதும். கணவன், அப்பா, அண்ணன், மாமியார் — யார் கையெழுத்தும் சட்டத்தில் இல்லை. பெயரும் வெளியே போகாது. இதைச் சொல்ல சிஸ்டருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஜெசிந்தா படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் ரெண்டு கப்பலுக்குக் காத்துக் கெடந்தது?”

என் பேனாவை வாங்கினாள். மெதுவாக, பள்ளிக்கூடத்தில் எழுதுவது போல, தன் பெயரை எழுதினாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கருக்கலைப்பு என்றதும் நாம் நினைக்கிற கத்தி, ரத்தம், மயக்கம் எல்லாம் பழைய பயம். ஒன்பது வாரத்துக்குள் மாத்திரையே போதும். இன்று ஒன்று, இரண்டு நாள் கழித்து அடுத்தது. வலி வரும், மாதவிலக்கைவிட அதிகமாகவே போகும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் நனைந்து, அடுத்த மணியும் அப்படியே என்றாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே ஓடி வர வேண்டும். இரண்டு வாரத்தில் திரும்பக் காட்ட வேண்டும். நாள் கடந்திருந்தாலும் உறிஞ்சி எடுக்கிற முறை உண்டு, சில நிமிட வேலை. கருப்பையைச் சுரண்டுகிற காலம் போய்விட்டது.

“வீடு பாம்பூஃப்ளாட்டா? அப்ப ரெண்டாவது மாத்திரையை இங்கயே போட்டுக்கோ. நாலு மணி நேரம் படுத்துட்டுப் போ. கூட ஆள் யாரு?”

ஜெசிந்தா தரையைப் பார்த்தாள். அம்மா தூத்துக்குடியில். மாமியாருக்குத் தெரியாது, சின்னவனைப் பார்த்துக்கொள்வது அவர்தான். சர்ச்சில் பத்துத் தோழிகள் உண்டு. அதனாலேயே யாரையும் கூப்பிட முடியாது.

நான் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். வந்த வேலை இல்லை என்று ஆகிவிட்டதே. சிஸ்டர் கதவருகே மறித்தார்.

“ஆப்கா சைன் நஹீ சாஹியே. ஆப் சாஹியே.”

உங்கள் கையெழுத்து வேண்டாம். நீங்கள் வேண்டும்.

இந்த இடத்தில், மொட்டுக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்ட ஒரு பத்தியை எழுதிவிடுகிறேன்.

சென்னை. பத்தொன்பது வருஷம் முன்பு. கருவைக் கலைக்க நாங்கள் பார்த்து வைத்த கிளினிக்கில் கணவன் கையெழுத்து கேட்டார்கள். காலையில் என் மனைவி படிவத்தைக் காபி டம்ளர் பக்கத்தில் வைத்தாள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் போட்டுக் கொடுத்தேன். அழகான கையெழுத்து. “நீ போயிட்டு வந்துடு,” என்றேன். எனக்கு ஒரு கவியரங்கம் இருந்தது. சாயங்காலம் அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நான் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆறு வருஷமும் எதுவும் கேட்கவில்லை. இப்போது அவள் மெயின்லேண்டில். பண்டிகைக்குப் பண்டிகை போனில் பேசிக்கொள்கிறோம். பிரிந்ததற்கு அந்த நாள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை. காலை ஒன்பது மணி. இரண்டாவது மாத்திரையும் போட்டாயிற்று. பெண்கள் வார்டு, ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. கதவுக்கு வெளியே பெஞ்ச். உள்ளே போகும் முன் ஜெசிந்தா திரும்பினாள்.

“அண்ணே, போயிருவியளா?”

“இங்கதாம்மா இருப்பேன்.”

“எப்டித் தெரியும் எனக்கு?” கொஞ்சம் யோசித்தாள். “அப்பப்ப இருமுங்க. இருக்கியன்னு தெரிஞ்சுக்கிடுவேன்.”

இருமினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவன், நாலு மணி நேரம் வெறும் இருமலோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த தெலுங்குக்காரர் எழுந்து இரண்டு பெஞ்ச் தள்ளிப் போனார். பதினொன்றரைக்கு உள்ளே ஒரு முனகல் கேட்டது. நீளமாக, பல்லைக் கடித்துக்கொண்டு. நான் இருமினேன். முனகல். இருமல். சென்னையில் அன்று கதவுக்கு வெளியே என்ன சத்தம் இருந்திருக்கும்? ஃபேன் சத்தமாக இருக்கலாம். யாருடைய கணவரோ இருமியிருக்கலாம்.

ஒன்றே காலுக்கு வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“தொண்ட வறண்டிருக்குமே? டீ குடிக்கியளா?” என்றாள். என்னைப் பார்த்து. அவள்.

அக்கரை வரை கூடப் போனேன். ஃபெரியில் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு இடம் விட்டு உட்கார்ந்தோம், ஊர் அப்படி. மீன் விற்கும் பெங்காலி அம்மா ஒருவர் விடவில்லை. “ரைட்டர் சாப், ஆஜ் உதர் கியா காம்?” இன்றைக்கு அந்தப் பக்கம் உங்களுக்கென்ன வேலை என்று கேட்கிறார்.

“பேண்ட் அளவு குடுக்க வாராவ மாசி,” என்றாள் ஜெசிந்தா, வயிற்றைப் பிடித்துக்கொண்டே. “மெலிஞ்சுகிட்டே போறாவல்ல.”

மாசி நம்பினாரோ இல்லையோ, சிரித்தார். ஜெசிந்தா தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அக்கரை வரும் வரை திரும்பவில்லை. ஜெட்டி வரும்போது மட்டும் மெதுவாகச் சொன்னாள்:

“மாதாகிட்ட சொல்லிட்டேன்ணே. ஃபாதர்கிட்ட இன்னும் சொல்லல.”

இரண்டு வாரம் கழித்து ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தது. அதற்கு நாலு நாள் பின் கப்பல் வந்தது. கணவர் கருவாடும் இளநீரும் கொண்டுவந்து கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதை எழுதட்டுமா என்று ஜெசிந்தாவைக் கேட்டேன். “எழுதுங்க. பேப்பர் எனக்கும் வேணும். ஒரு குர்தாவுக்கு அளவு வெட்டணும்.”

அக்கரையிலிருந்து திரும்பிய அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டைத் திறந்தேன். சும்மா ஒரு தடவை இருமிப் பார்த்தேன். சுவர் கேட்டுக்கொண்டது.

போனை எடுத்தேன்.

“சொல்லுங்க,” என்றாள் என் மனைவி. “இன்னிக்கு என்ன பண்டிகை?”

கேட்க எவ்வளவோ இருந்தது. அன்றைக்கு எவ்வளவு நேரம் ஆனது, வலித்ததா, வெளியே பெஞ்ச் இருந்ததா... இருமல்தான் வந்தது.

“இருமலா? டாக்டரைப் பாருங்க,” என்றாள். பிறகு, போனை வைப்பதற்கு முன்:

“தனியாப் போகாதீங்க.”