எறும்பு மிதந்த கண் மருந்து

பி.எஸ்ஸி. வேதியியல் படித்த முட்டாள்களில் எனக்குத்தான் முதலிடம். கண்ணில் சுண்ணாம்பு தெறித்தபோது, செம்பில் தண்ணீரோடு ஓடிவந்த மனைவியை, "ஊத்தாதே, கொதிக்கும்!" என்று தடுத்தவன் நான்.

தொண்ணூறுகளில் ஒரு போகிக்கு முந்தைய வாரம். அஸ்தினாபுரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க, சுண்ணாம்புக் கல்லை டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அது குமுறுவதைக் குனிந்து ரசித்துக்கொண்டிருந்தேன். ஒரு குமிழி வெடித்து இடது கண்ணில் இறங்கியது. பக்கத்து வீட்டு அக்கா விளக்கெண்ணெய் விட்டார். எதிர்வீட்டில் கைக்குழந்தை வைத்திருந்த பெண் பாலாடையில் தாய்ப்பால் கொடுத்தனுப்பினார். அதில் ஓர் எறும்பு மிதந்தது. எறும்போடுதான் ஊற்றினார்கள். இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது.

சில மாதங்களில் அந்தக் கண் அழுகிய நுங்கு மாதிரி ஆனது. கருவிழிமேல் சிவப்பு நரம்புகள் புழுப்போல ஏறின. காலையில் பீளை இமைகளை ஒட்டிவைத்திருக்கும். மனைவி வெந்நீர்ப் பஞ்சால் பிரித்தால் நூல் நூலாக வரும். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு இட்லியைத் தொட முடியாது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது.

"உடனே தண்ணி விட்டுக் கழுவினீங்களா?" என்றார் கண் டாக்டர்.

"கொதிக்கும்னு விடல சார்."

"அது டிரம்லயே கொதிச்சு முடிஞ்சிடுச்சு. குழாயத் திறந்து தலைய நீட்டியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது."

கருவிழியும் வெள்ளையும் சேரும் ஓரத்தில்தான் ஸ்டெம் செல்கள் இருக்கின்றனவாம்; கருவிழிக்கு ஓயாமல் புதுத் தோல் போடுபவை. என்னுடையவை வெந்துபோய்விட்டன. வலது கண் ஓரத்தில் கொஞ்சம் வெட்டி இடதில் தைக்க வேண்டும்.

கண்ணை வெட்டிக் கண்ணில் ஒட்டுப்போடுவதா!

"நல்ல கண்ணும் போயிட்டா சார்?"

"போகும்னு சொல்லல. போகவே போகாதுன்னும் சொல்ல மாட்டேன்."

"பண்ணிடுங்க டாக்டர்," என்றாள் மனைவி. "தெனம் அதத் தொடைக்கிறது நான்தான்."

ஆபரேஷனின்போது மரத்துப்போன கண்ணில் நூல் இழுபடுவது மட்டும் தெரிந்தது. இரண்டு கண்ணிலும் கட்டோடு, மனைவி ஊட்டிய தயிர்சாதத்தை வாந்தியெடுத்தேன். வலது கண் பிழைத்தது. இடதில் தையல் மணலாக உறுத்தியது, மஞ்சளாக நீர் வடிந்தது. பிறகு, மெல்ல மெல்ல, நரம்புகள் பின்வாங்கின.

பல மாதம் கழித்து, குரோம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் மனைவி பக்கத்தில் நிற்க, நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றேன். எதிரே வந்த பச்சைப் பூதத்தின் நெற்றியில் எழுத்துகள் அசைந்தன, நின்றன.

"இருபத்தொன்னு ஜி!" என்று கத்தினேன். "ஏய், எனக்குத் தெரியுதுடி! இருபத்தொன்னு ஜி!"

"நம்ம பஸ்தான், ஏறுங்க," என்றாள்.