வீரபத்திரர் என்னை விட்டுப் போன அன்று

சாமி கும்பிடுகிற எல்லாருக்கும் சொல்கிறேன். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, வாதாட எனக்குத் தெம்பில்லை.

முதலில் வந்தது சோர்வுதான். நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன் நான். தேயிலைச் செடியைக் கத்தியால் தறித்துவிடுகிற வேலை. அதில் சோர்வு யாருக்குத்தான் இல்லை? பிறகு தலைவலி தொடங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கையில் பட்டியைக் கட்டிப் பார்த்து, பிரசர் என்றார்கள். குளிசை விழுங்கினேன். கருவாட்டை விட்டேன், சம்பலில் உப்பைக் குறைத்தேன். பிரசர் இறங்கவில்லை. குளிசையைக் கூட்டினார்கள். அதற்கும் இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி டிஸ்பென்சரி ஐயா தலையில் அடித்துக்கொண்டார். நான் போகவில்லை.

ஏன் என்றால், மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். சிவன் மன்மதனை எரிக்கிற கதை. அதில் சிவனின் கோபத்தில் பிறந்த வீரபத்திரர் நான்தான். சும்மா வேசம் இல்லை. தப்பு மேளம் முழங்கினால் சாமி என்மேல் இறங்கும். நான் பாய்ந்துவிடாமல் இடுப்பில் கயிறு கட்டி ஆட்கள் இழுத்துப் பிடித்திருப்பார்கள். சில வருடமாக என் முகமும் மாறிக்கொண்டே வந்தது. தாடை முன்னுக்கு நீண்டது. மூக்குத் தடித்தது. பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. குரல் கனத்தது. விரல்கள் வீங்கிக் கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தோம். நாங்கள் குடியிருக்கிற லயத்தில் ஒருவரும் பயப்படவில்லை. கும்பிட்டார்கள்!

"அண்ணே, ஒங்களுக்கு அரிதாரமே வேணாம். வீரபத்திரரு மொகத்துலயே குடியேறிட்டாரு" என்பான் குமரேசன். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிறவன், கயிறு பிடிக்கிறவர்களில் ஒருவன். பிள்ளைகளைத் தூக்கிவந்து என் கையால் திருநீறு வாங்கிப் போனார்கள். தலைவலியைச் சாமியின் பாரம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாமி குடியிருக்கிற உடம்பைக் கொண்டுபோய் யாராவது ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார வைப்பார்களா?

என் மனைவி ஜெயா மட்டும் கும்பிடவில்லை. "சாமி இருக்குற வீட்டுல நிம்மதி இருக்கணும்ங்க. நீங்க தூங்குனா கொறட்டையில மூச்சு நின்னு நின்னு வருது. எனக்குக் கண்ண மூடவே பயமா இருக்கு" என்பாள்.

போன மாசி பிறந்த சமயம், மலையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே கண் இருட்டியது. மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. கையிலிருந்த கத்தி பாதத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. டிஸ்பென்சரி ஐயா பட்டியைக் கழற்றிவிட்டு ஜெயாவிடம், "இப்புடியே விட்டா வாதம் வந்து விழுந்துருவாரு. இல்லாட்டி ஒரேயடியா போயிருவாரு" என்றார். ஜெயா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் கூத்துக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டியவன் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. நேராகக் கோயிலுக்குப் போனேன். கும்பிட்டு நிற்கக்கூட முடியவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அப்பனே, களைச்சுப் போனேன். இந்த மொகம் ஒன்னோடதுன்னா வச்சுக்க, நான் செத்தாலும் சரி. நோயின்னா எனக்கு வெளங்குற மாதிரி சொல்லிரு" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

கூத்து நாள் வந்தது. வீரபத்திரர் இறங்குவது விடிகிற நேரத்தில். கயிற்றைக் கட்டினார்கள். தப்பு முழங்கியது. ஊரே என் முகத்தைப் பார்த்து நின்றது. எனக்கு ஒன்றும் வரவில்லை. மண்டைக்குள் இடி மட்டும் விழுந்தது. நட்ட கம்பம் மாதிரி நின்றேன். தப்படிக்கிறவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு அலறல். திரும்பினால், கயிறு பிடித்திருந்த குமரேசன் ஆடுகிறான்! குருவி மாதிரி சின்ன முகம் அவனுக்கு. அந்த முகத்தில் கண் இரண்டும் சிவந்து, யாருக்கும் அடங்காமல் துள்ளுகிறான். என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவனுக்குக் கட்டினார்கள்.

வெட்கமாக இருந்தது. வேசத்தோடே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். ஜெயா வந்து முந்தானையால் என் முகத்துச் சாயத்தைத் துடைத்தாள்.

"சாமி ஒங்கள விட்டுட்டாருங்க. இனியாவது என்கூட ஆஸ்பத்திரிக்கு வருவீங்களா?"

அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது.

காப்பு அவிழ்த்ததும் நுவரெலியாவுக்குப் போனோம். ஒரு சிங்கள டொக்டரம்மா பட்டி கட்ட என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஐயா, சப்பாத்து முந்தி என்ன நம்பர்? இப்ப என்ன நம்பர்?" என்று கேட்டார். பிரசருக்கும் சப்பாத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கால் பெரிதாகிக்கொண்டே போனது உண்மைதான். இரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம், அதில் கட்டி. வளர்ந்து முடிந்த உடம்பை அது மறுபடி வளரச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கி, இருதயமும் தடித்து, அதனால்தான் பிரசர் குளிசைக்கு அடங்கவில்லை என்றார்.

கண்டியில் மூக்கு வழியாகவே கட்டியை எடுத்தார்கள். ஆபரேசனுக்குத் தவணை கிடைக்கும்வரை காத்திருந்ததை எழுத எனக்குச் சக்தியில்லை. ஜெயா விரதம் இருந்தாள், லயமே எனக்காக விளக்கேற்றியது. என் அப்பன் வீரபத்திரர் என்னைக் கைவிடவில்லை. நீண்ட தாடை இனித் திரும்பாதாம். கிளினிக்கும் குளிசையும் தொடர்கிறது. ஆனால் பிரசர் இப்போது மருந்துக்குக் கட்டுப்படுகிறது. கவ்வாத்தை விட்டுவிட்டேன், இலகுவான வேலை தந்திருக்கிறார்கள். சீக்கிரம் களைத்துவிடுவேன். அதற்கென்ன, உயிரோடு களைக்கிறேன்.

உங்களில் யாருக்காவது மோதிரம் இறுகினால், குளிசை குடித்தும் பிரசர் இறங்காவிட்டால், சாமியிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவர் விட்டுப் போனது போலத் தெரிந்தாலும் பயப்படாதீர்கள். என்னை அவர் விட்டுத்தான் காப்பாற்றினார்.

இந்த மாசியிலும் தப்பு முழங்கியது. குமரேசன்தான் ஆடினான். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன், கண் கலங்கியது. ஜெயா பதறிப்போய், "என்னங்க, தல வலிக்குதா?" என்றாள்.

"இல்லடி" என்றேன். உண்மையாகவே வலிக்கவில்லை.