நான் மூக்கைப் பொத்திய பிணம்

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடையொன்றில் விற்பனையாளனாக இருக்கிறேன். போன சித்திரையில் நடந்ததை எழுதவே கூசுகிறது.

ஒரு வெள்ளைக்காரருக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த சமண விவசாயி நயினார் ஒருவரும் பக்கத்தில் இருந்தார். அப்போது நகராட்சித் தள்ளுவண்டி ஒன்று சக்கரம் கழன்று கடைவாசலில் நின்றுவிட்டது. அதில் கோயில் வாசலில் பிச்சையெடுத்த குஷ்டரோகியின் அநாதைப் பிணம். மேலே போட்டிருந்த கிழிந்த பாய்க்கு வெளியே கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினேன்: "யோவ், யாவார நேரத்துல நாத்தத்தைக் கொண்டாந்து நிறுத்திக்கினு கீறியே! அந்தாண்ட தள்ளுய்யா!"

வண்டிக்காரர் தனியாகத் திணறினார். வெள்ளைக்காரர் எழுந்து, தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நின்றார். நயினார் தம் மேல்துண்டால் அந்தக் கால்களை மூடினார். எதிரே நின்ற குதிரைவண்டிக்கார முஸ்லிம் பாய் ஓடிவந்து, "என் வண்டில ஏத்துங்கபா. மவுத்தானவரை வெயில்ல காக்க வெக்கக்கூடாது" என்றார். முன்பின் அறியாத மூவரும் பிணத்தைத் தூக்கினார்கள்.

"நீயும் ஒரு கை புடிப்பா" என்றார் நயினார்.

நான் நகரவில்லை. விரித்த புடவையை மடித்துக்கொண்டிருந்தேன்.

வண்டி போனபின் என்மேலேயே அருவருப்பு வந்தது. தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற எனக்கு, ஒரு மனிதனின் சாவு நாற்றமாக மட்டுமே பட்டிருக்கிறது. சீ!

இப்போது எந்தச் சாவு போனாலும் கடையைவிட்டு இறங்கி நிற்கிறேன். தூக்க ஆளில்லையென்றால் தோள் கொடுக்கிறேன். போன மாதம் அப்படிச் சுமந்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.