ஒன்பது நாள் தாகம்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில், என் மகள் பிறந்த ஒன்பதாம் நாள். இதைப் படிக்கும் பிள்ளைகளே, நீங்கள் பிறந்த வீட்டிலும் இப்படிப்பட்ட நாள்கள் இருந்திருக்கும், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் மனைவியைக் கவனித்துக்கொள்ளச் சொந்தக்காரர்கள் யாரும் வர முடியவில்லை. நான் வேலை செய்யும் ஈப்போ தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முன்பு ரப்பர் தோட்டத்தில் எங்களோடு இருந்த அக்காமாரிடம் போனில் கேட்டு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன். காலையில் மஞ்சளும் நொச்சியும் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர்க் குளியல், தலைக்குச் சாம்பிராணி. மதியம் பூண்டுக் குழம்பு, விரால் மீன். வயிற்றைச் சுற்றி இறுக்கமாகத் துணி. தண்ணீர் மட்டும் வேளைக்கு அரைத் தம்ளர். அதிகம் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று ஓர் அக்கா சொல்லியிருந்தார். நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் எழுதியதை எழுதியபடி செய்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று குளித்துவிட்டு வந்தவள், கதவைப் பிடித்தபடியே சரிந்தாள். ஓடிப்போய்த் தாங்கிக் கட்டிலில் படுக்கவைத்தேன். நல்ல வேளை, பிள்ளை பெற்றவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் தாதி அன்று வரவேண்டிய நாள். நாங்கள் மிஸி என்போம். அவரும் தமிழர்தான்.

வந்தவர் ரத்த அழுத்தம் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு, "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கிறீங்க?" என்று அவளைக் கேட்டார்.

"வேளைக்கு அரைத் தம்ளர் மிஸி, பத்தியம் லா," என்றேன் நான்.

"அண்ணே, பிள்ள பெத்தது நீங்களா? அவங்க சொல்லட்டும்."

என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "தொண்ட காஞ்சு கெடக்கு மிஸி. லீவு போட்டு இவ்ளோ செய்றாரு, எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன்."

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மிஸி திட்டவில்லை. குளிக்கும் நீரில் சூட்டைக் குறைக்கவும், வயிற்றுத் துணியைத் தளர்த்தவும் சொன்னார். பால் கொடுக்கிறவள் தாகம் தீரக் குடிக்க வேண்டும், மறுபடி மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். அவர் இருக்கும்போதே என் மனைவி இரண்டு தம்ளர் குடித்தாள். அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

அன்று மாலைதான், உனக்கு என்ன செய்தால் சுகமாக இருக்கும் என்று அவளை முதல்முறையாகக் கேட்டேன்.

"பாப்பாவ கொஞ்ச நேரம் வச்சுக்குங்க. வெதுவெதுப்பான தண்ணியில கால வச்சுக்கிட்டு நானே தல சீவிக்கிறேன்," என்றாள்.

வாளியில் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

இப்போதும் வீட்டில் யாராவது உடம்பு முடியாமல் படுத்துவிட்டால், முதலில் பக்கத்தில் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று கேட்கிறேன். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருப்பதுதான் எனக்கு இன்னும் சிரமமாக இருக்கிறது.