வெயில் படாத கண்ணாடிக் குழாய்கள்

விம்கோ நகர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்குத் துணி எடுக்கப் போனபோதுதான் அந்தக் காவலாளியைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, வெளுத்த காக்கிச் சட்டை, தோளில் துண்டு. முற்றத்தில் வரிசையாக இருந்த கண்ணாடிக் குழாய்களை அந்தத் துண்டால் பளபளவென்று துடைத்து, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். கழிவுத் தண்ணீரில் மருந்தைக் கலந்து அந்தக் குழாய்களில் ஓடவிட்டால், வெயில் பட்டுச் சாயம் அழிந்து தண்ணீர் தெளியும்.

"வெயிலுக்குன்னே வெச்சதை ஏன் மூடுறீங்க?" என்றேன்.

"வெயில்ல கெடந்தா கண்ணாடி மங்கிப் பூடும் சார். செக்கிங் வர்ற அன்னிக்குப் புச்சா இர்க்கணும்னு மொதலாளி சொல்லிகீறாரு. அன்னிக்கு மட்டும்தான் ஓட்டுவோம்."

"மத்த நாள்ல?"

சுவரோரச் சாக்கடையைக் காட்டினார். ரத்தச் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. "கால்வாய்க்குப் போவுது. எங்க வூட்டாண்டதான், ஒரே கலீஜு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க வீட்டுப் பக்கமே விடுறாங்க, ஏன்னு ஒரு வார்த்தை கேட்கமாட்டீங்களா?"

"கேட்டேன் சார். அப்பாலதான் இத்தத் தொடைக்கிற வேலையையும் என் தலையில கட்னாரு."

தார்ப்பாயின் முனையை இழுத்து இறுகக் கட்டினார். உச்சி வெயில். அத்தனையும் வீணாக அவர் மண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.