டீக்கடையில் என்னைப் பற்றி விசாரித்தவர்

போன வாரம் பெரம்பலூரில் ஒரு தெருமுனையில், கக்கத்தில் குடையோடு திருடனைப் போல நின்றிருந்தேன். மகள் தானாகவே ஒரு பையனைப் பார்த்துக்கொண்டுவிட்டாள். “அவனப் பத்தி எல்லாம் போன்லயே பாத்துட்டேம்ப்பா” என்கிறாள். எனக்குத்தான் அது போதவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாமென்று கிளம்பிவிட்டேன். எந்த வீட்டிலிருந்தோ இஞ்சி தட்டிப்போட்ட டீயின் வாசம் வந்தது. சட்டென்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எனக்குக் கல்யாணம் ஆகாத காலம். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தலை, புருவம், சட்டை எல்லாம் ஒரே சாம்பல். முகம் கழுவினால்தான் எனக்கே என்னை அடையாளம் தெரியும். இந்த லட்சணத்தையும் ஒருத்திக்குப் பிடித்துப்போனது. பஸ்ஸில் பழக்கமான செட்டிகுளத்துச் செல்வி. தகப்பன் இல்லாத பெண், வளர்த்தது தாய்மாமன். “நாமளா பாத்துக்கிட்டோம்னு தெரிஞ்சா மாமா என்னையக் கெணத்துல தள்ளிடுவாருங்க. தரகர் வழியா வாங்க” என்றாள்.

தரகரைப் பிடித்து, அவரே கண்டுபிடித்த வரனாக ஜாதகத்தைக் கொண்டுபோகச் சொன்னோம். அரை நாளில் அவரே அதை நம்பியும்விட்டார். பொருத்தம் சேர்ந்தது. இனி மாமா விசாரிக்க வரவேண்டும். எப்போது வருவார், எங்கே கேட்பார், சொல்லமாட்டாராம்.

அதிலிருந்து ஊரே எனக்குக் கோர்ட்டாகிவிட்டது. முடிவெட்டுகிறவர், சைக்கிள் கடைக்காரர், யாரைப் பார்த்தாலும் வணக்கம் வைத்தேன். தெருநாய்க்குக்கூட பிஸ்கட் போட்டேன். கூட வேலை பார்த்த பயல்கள் இதைத் தெரிந்துகொண்டு, யாரோ ஒருவருக்கு வேட்டி கட்டி அனுப்பி என்னிடமே விசாரிக்க வைத்தார்கள். நான் எழுந்து நின்று கும்பிட, ஆலை வாசலே சிரித்தது.

அடுத்த சில நாளில், ஷிப்ட் முடிந்து சாம்பல் கோலத்தில் ஆலை வாசல் டீக்கடையில் இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குடையோடு ஒரு பெரியவர் என் பெயரைச் சொல்லி, “ஆளு எப்படிங்க தம்பி?” என்றார்.

மறுபடியுமாடா, பயல்களா!

“அவனா? சரியான தூங்குமூஞ்சிங்க. நின்னுக்கிட்டே தூங்குவான். சோறுன்னா உசுரு. அவங்கம்மா மொறைச்சா அழுதுருவான்.”

“குடி கிடி?”

“டீக்கே கிறுகிறுத்துருவாங்க!”

பெரியவர் சிரிக்கவில்லை. எழுந்து கடைக்காரரிடம், “பெரம்பலூர் பஸ்ஸு போயிருச்சா? செட்டிகுளம் போவணும்” என்றார்.

பாதி டீ என் மடியில்தான் விழுந்தது.

அப்புறம் செல்வியைப் பஸ்ஸில் காணவில்லை. கண்ணை மூடினால் கிணறு. மாமா தள்ளவேண்டாம், என் வாயே அவளைத் தள்ளிவிட்டது. அம்மா போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது. சோறுன்னா உசுரு என்றேனே, அதுவும் பொய்யாயிற்று.

ஒருவழியாகத் தரகர் வந்தார். “பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டாரு தம்பி!”

“எப்படிங்க?”

“கேட்ட எடமெல்லாம் தங்கம்னானுவளாம். அவருக்கு அதுலதான் சந்தேகம். டீக்கடையில ஒருத்தன் மட்டும் திட்டுனானாம். திட்டுறவன் வாயிலயே தூங்குறான், திங்கிறான்றதத் தாண்டி ஒண்ணும் வரலியேன்னு ஒத்துக்கிட்டாரு.”

முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனேன். மாமா வெகுநேரம் என்னையே பார்த்தார். நான் கேசரியையே பார்த்தேன்.

“மாப்ள, ஆல வாசல்ல ஒரு பய உங்களக் கண்டபடி பேசுறான். அவன் சகவாசம் வேணாம்” என்றார்.

கதவுக்குப் பின்னால் செல்வியின் வளையல் குலுங்கியது. மாமாவுக்குத் தெரியுமா, தெரியாதா? அவர் கண்மூடும்வரை கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பெரம்பலூர் தெருவில் டீக்கடையே இல்லை. பையன் குடியிருக்கும் வீட்டுக்கு எதிர்வீட்டில் பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. போட்டோவைக் காட்டினேன். “பாத்த மாதிரி இருக்குங்க சார். அந்த வூட்டு வாசல்ல கறுப்பா ஒரு பைக்கு நிக்கும்.” அடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டிலும் அதே பைக் பதில்தான். தூங்குமூஞ்சி என்று அவனைத் திட்டக்கூட அங்கே ஆளில்லை.

செல்வி போனில் கூப்பிட்டாள். “என்னங்க சொன்னாங்க? பையன் எப்படியாம்?”

“பைக் கறுப்பாம்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.