சீனத் தலைவர் வீட்டுக் கட்டிலும் என் கட்டிலும்

துபாயில் நான் வேலை பார்க்கும் அல் கூஸ் கிடங்கில் எனக்கு இந்தி கற்றுக்கொடுத்தவர் ஒரு சீனர். நம்புங்கள். அங்கே குழாய் விற்க வந்த லீ, டிரைவர்களிடமிருந்து இந்தியைப் பிடித்துக்கொண்டார். இந்தியனான நான் அவரிடமிருந்து பிடித்துக்கொண்டேன். சென்ற மாதம் சரக்குப் பார்க்கச் சீனாவுக்குப் போனபோது, அந்நாட்டுத் தலைவர் ஒருவர் பிறந்து வளர்ந்த கிராமத்து வீட்டுக்கு லீயே கூட்டிப்போனார்.

மண் சுவர், முன்னால் குளம், கயிற்றுக்கு அப்பால் கட்டில். கொசுவலைகூட மடிப்புக் கலையாமல். தலையை நீட்டினேன், காவலர் அதட்டினார்.

"லீ பாய், இதுல இப்ப யார் படுக்குறாங்க?"

"யாரும் மாஃபி, யாருமில்ல. படுத்தா ஜெயில்," என்றார் லீ.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாளையங்கோட்டையில் என் அறையும் இப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவில் போனால் அதே கட்டில், அதே மேசை, சுவரில் என் கல்லூரிப் படம். "எதையும் தொடலண்ணே" என்பான் தம்பி. போன லீவில் சீப்பில் கறுப்பு முடி இருந்தது. என் தலையில் எந்த நிறத்திலும் முடி கிடையாது. பழைய முடியைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறானே என்று கண் கலங்கினேன்.

லீயிடம் காட்ட அங்கிருந்தே தம்பிக்கு வீடியோ கால் போட்டேன்.

"என்னண்ணே, இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லியே, போன் போட்டிருக்கீங்க?"

"என் ரூமைக் காட்டுல. சீனாக்காரர் பாக்கணும்ங்காரு."

"அங்க... பல்பு போயிட்டுண்ணே."

அதற்குள் அவன் முதுகுக்குப் பின்னால் என் அறைக் கதவு திறந்தது. தோளில் துண்டும் வாய் நிறையப் பேஸ்ட்டுமாக ஒருவர்.

"பிளம்பர்ணே."

பிளம்பர் துப்பிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "துபாய் சாரா? லீவு வருதா சார்? ஒரு வாரம் முன்னாடியே சொல்லிருங்க. உங்க கட்டிலைப் பரண்ல இருந்து நான்தான் இறக்கணும். தம்பிக்கு இடுப்பு வலி."

வாடகைக்கு இருப்பவர். நான் வரும் மாதம் மட்டும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாராம். அவர் வெள்ளந்தியாகச் சொல்லச் சொல்ல, தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டிருந்தால் நானே வாடகைக்கு விடச் சொல்லியிருப்பேன். என் படத்தை ஒவ்வொரு லீவுக்கும் மாட்டி மாட்டிக் கழற்றியிருக்கிறான், அதுதான் உறுத்தியது.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். "உங்களுக்கு எந்த மாசம் தோதுப்படும்?" என்றுதான் வந்தது.

"காலண்டரைப் பாத்துச் சொல்றேன் சார்."

தம்பியிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு அவர் நடந்தார். அவர் கையில் இருந்தபடியே நானும் என் அறைக்குள் போனேன். கொடி நிறைய அவருடைய சட்டைகள்.